ஏரியின் சட்டமும் ஏழையின் படகும்

ஆப்பிரிக்காவில் தான்ஸானியா, உகாண்டா, கென்யா மூன்றுக்கும் பொதுவாக ஓர் ஏரி இருக்கிறது. வெள்ளைக்காரன் அதற்குத் தன் ராணியின் பெயரைச் சூட்டி, விக்டோரியா ஏரி என்றான். பரப்பு ஏறக்குறைய 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று அதிகம். ஒரு கரையில் கொட்டும் கழிவு மறு கரைக்குப் போகிறது. ஒரு நாட்டில் பொரித்த மீன் இன்னொரு நாட்டு வலையில் விழுகிறது. ஆகவே மூன்று நாடுகளும் சேர்ந்து சட்டம் செய்வது அவசியமே. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே நமது கேள்வி.

1929-ல் பிரிட்டன் எகிப்துடன் நைல் நதி ஒப்பந்தம் செய்தது. நைல் புறப்படும் இந்த ஏரியிலும், எகிப்துக்குப் போகும் நீரைக் குறைக்கும் எந்த வேலையையும் அதன் சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்றது ஷரத்து. ஏரிக்கரை ஜனங்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் அவர்களை ஆண்டவனே கையெழுத்திட்டான். எகிப்தின் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டியிருந்தது. பஞ்சாலைத் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1961-ல் விடுதலை பெற்ற டாங்கனீகா, மறு வருஷமே இந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. சரியான காரியம்!

அந்நிய ஆட்சி விட்டுச்சென்ற வினை இன்னொன்றும் உண்டு. நம் கொடுவா மீனுக்கு உறவான நைல் பெர்ச் என்ற பெருமீனை 1950-களில் ஏரியில் விட்டார்கள். அது அங்கிருந்த சிறு மீன்களைத் தின்று பெருகியது. 1980-களுக்குப் பின் கரையெங்கும் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தன. சதை ஐரோப்பாவுக்குப் போயிற்று. தலையும் முள்ளும் கரையிலுள்ள ஏழைகளுக்கு மிஞ்சின.

மீன் குறையவே, 1994-ல் கிசுமு நகரில் மூன்று சர்க்கார்களும் கூடி, மீன்வளத்துக்கென ஒரு பொது அமைப்பை நிறுவின. அதன் அலுவலகம் ஜின்ஜாவில் இருக்கிறது. 2003-ல் ஏரிப் படுகை முழுவதற்கும் ஓர் உடன்படிக்கை வந்தது. வலைக்காரர், படகுக்காரர், மீன் விற்கும் பெண்கள் அடங்கிய கரைக் குழுக்களும் அமைந்தன. இது நல்ல ஏற்பாடு என்றே நாம் சொல்வோம். குறைகள் இருந்தன, ஆனாலும் உழைப்பவனுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது.

அந்த நாற்காலியைத்தான் உகாண்டா சர்க்கார் 2015-ல் பறித்தது. 2017-ல் ஏரிக்கு ராணுவத்தை அனுப்பியது. 28 அடிக்குக் குறைந்த படகு சட்டவிரோதம் என்று சொல்லிச் சிறு படகுகளையும் வலைகளையும் கொளுத்தினார்கள். நீளப் படகு வாங்க வழியில்லாதவன்தானே சிறு படகில் போகிறான்! குஞ்சு மீனைப் பிடிப்பது தவறுதான், நாமும் மறுக்கவில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்க ஆளில்லாமல் குஞ்சு மீன் கரைக்கு வருமா?

கொளுத்திய படகுகளுக்கு நஷ்டஈடு கொடுக்கட்டும். நீளப் படகுக்கும் பெரிய கண்ணி வலைக்கும் சர்க்காரே கடன் தரட்டும். மூன்று நாட்டுக் கரைக் குழுக்களின் பிரதிநிதிகளும் ஜின்ஜாவில் ஓட்டுரிமையோடு உட்காரட்டும்.