ராஜா போனார், வேட்டை போகவில்லை

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் ஒரு கதையை வருஷா வருஷம் சொல்வார். 1789 ஜூலை 14, பாஸ்தி சிறை விழுந்த நாள். அன்று பதினாறாம் லூயி மன்னர் தன் டைரியில் எழுதி வைத்தது ஒரே சொல்: ‘ரியேன்’. ஒன்றுமில்லை! வகுப்பே சிரிக்கும். அது நாட்டு நடப்பைப் பற்றிய குறிப்பல்ல, அன்றைக்கு வேட்டையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற கணக்கு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ராஜா வேட்டைக்காகவே 1783இல் வாங்கிய இடம் ரம்புய்யே. பாரீசுக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவருக்கு முன்பே அது வேட்டைக்காடுதான். முதலாம் பிரான்சுவா மன்னர் 1547இல் உயிரை விட்டதும் அங்கிருக்கும் கோட்டையில்தான். இப்போது காடு அரசாங்கத்தின் சொத்து. பதினாலாயிரம் ஹெக்டேர். ஓக் மரங்களுக்கு நடுவே சிவப்பு மான்கள் தம் இஷ்டத்துக்குத் திரிகின்றன.

மூன்று வருஷம் முன்பு அக்டோபரில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். “மாமா, இது மான் கூப்பிடுற சீசன், வாங்க” என்று ஒரு சாயங்காலம் அழைத்துப் போனான். ‘பிராம்’ என்பார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் ஆண்மான்கள் பெட்டைகளுக்காகக் குரல் கொடுக்கும். காட்டோரத்தில் குழந்தை குட்டிகளோடு நாற்பது ஐம்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருட்டும்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. எருமை முக்காரமிடுவது போல ஆரம்பித்து, அடிவயிற்றிலிருந்து எழுந்து முடிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பகலில் அதே காட்டில் நடக்கப் போனோம். தூரத்தில் ஊதுகொம்பு சத்தம். “கச்சேரியா?” என்று கேட்டேன். அக்கா மகன் பதில் சொல்வதற்குள் பாதையைக் கடந்து ஒரு ஆண்மான் வந்தது. வாய் திறந்து, நாக்கு தொங்கி, வயிறு வரை சேறு. எங்களைப் பார்த்து ஒரு கணம் நின்றது. ஓட வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது, கால் வரவில்லை. பிறகு எப்படியோ ஓடிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து நாய்கள் வந்தன. அதன்பின் குதிரைகள். கோட்டு, தொப்பி, வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு ஒரு கனவான் தொப்பியைத் தொட்டு “போன்ழூர் மெஸ்யே” என்றார். பழக்க தோஷத்தில் நானும் “போன்ழூர்” என்றேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம்.

இதற்கு ‘ஷஸ் அ கூர்’ என்று பெயர். துப்பாக்கியால் சுடுவதில்லை. ஒரு மானைத் தேர்ந்து, நாய்க்கூட்டத்தை ஏவி, அது ஓட முடியாமல் நிற்கும்வரை மணிக்கணக்கில் விரட்டுவார்கள். கடைசியில் கத்தியால் குத்துவார்கள். குடலை நாய்களுக்குப் போடுவார்கள். முன்னங்காலை அறுத்து விருந்தாளிக்கு மரியாதையாகக் கொடுப்பார்கள். செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை சட்டப்படி நடக்கிறது. ஊரே வாய்மூடி நின்று கேட்ட அந்தக் குரலைத்தான் அதே மாதத்தில் விரட்டுகிறார்கள்.

என் ஆத்திரமே இங்கேதான். புரட்சி ஆண்டின் ஆகஸ்ட் 4 ராத்திரி, பிரபுக்களின் வேட்டை உரிமையை ஒழித்தார்கள் என்று நாங்கள் நெட்டுருப் போட்டோம். வேட்டைக் குற்றத்துக்காகக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்ட ஏழைகளைத் திரும்ப அழைக்க மன்னரைக் கேட்க வேண்டும் என்றும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. ஒரு முயலுக்காக மனிதனைச் சங்கிலியில் போட்ட காலம் அது. அதை ஒழித்த குடியரசு இன்று என்ன செய்கிறது? தன் காட்டில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடுகிறது. அதே காட்டின் இன்னொரு பக்கத்தில் வேலி போட்டு, டிக்கெட் வாங்கி, குழந்தைகளுக்கு மான் காட்டுகிறது. இரண்டையும் நடத்துவது ஒரே அரசு அலுவலகம்!

நான் குமாஸ்தாவாக முப்பத்து நாலு வருஷம் கோப்பு பார்த்தவன். சாலையோரப் புளியமரத்து மகசூல் ஏலத்துக்கு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன், கள்ளுக்கடை ஏலத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். ஏலம் கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு உயிரை ஓட ஓட விரட்டும் சந்தோஷத்தைக் குத்தகைப் பொருளாக எழுத எந்த குமாஸ்தாவுக்கும் கை கூச வேண்டும்.

“மாமா, மான் பெருகினா இளங்கன்றெல்லாம் தின்னுடும், குறைக்கத்தான் வேணும்” என்றான் அக்கா மகன். சரி. ஓநாய் இல்லாத காட்டில் அது உண்மைதான். ஆனால் அந்த வேலையை நடத்துவது துப்பாக்கிதான். பிரான்சில் வருஷா வருஷம் குறைக்கப்படும் மான்களில் நாய் வேட்டையின் பங்கு மிகச் சொற்பம். ஒரே குண்டில் முடிவதற்கும் நாலு மணி நேரம் துரத்துவதற்கும் வித்தியாசம் இல்லையா?

“பாரம்பரியம்” என்பார்கள். அந்த ஊதுகொம்பின் இசையை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நல்ல இசைதான். தாராளமாக ஊதட்டும். கொம்பு ஊத மான் சாக வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து 2002இலும் இங்கிலாந்து 2004இலும் நாய்களை விட்டு வேட்டையாடுவதற்குத் தடைச் சட்டம் போட்டன. ராஜாவை வைத்துக்கொண்டிருக்கும் நாடு நிறுத்தியதை, ராஜாவின் தலையை வெட்டிய நாடு விடமாட்டேன் என்கிறது!

2017இல் கொம்பியேஞ் காட்டருகே ஒரு மான் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் ஓடித் தஞ்சம் புகுந்தது. அங்கேயே கொன்றார்கள். நாடே கொதித்தது. 2019இல் வீடுகளுக்கருகே வந்துவிட்ட மானைக் கொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது. எனக்கு இந்த நியாயம் விளங்கவில்லை. ஜன்னலிலிருந்து நாம் பார்த்தால் பாவம், மரத்துக்குப் பின்னால் நடந்தால் பாவமில்லையா?

பிரெஞ்சு தேசம் எனக்குச் சோறு போட்டதில்லை. எழுத்து கொடுத்தது. சமத்துவம் என்ற சொல்லையும் அதுதான் வாயில் வைத்தது. அந்த உரிமையில்தான் திட்டுகிறேன்.

நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறீர்கள். பென்ஷன், விசா பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த மானைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அந்த ஓட்டு இல்லை. இருந்திருந்தால் அந்தக் கனவானுக்குச் சொன்ன போன்ழூரை அதில்தான் திருப்பி வாங்கியிருப்பேன்.