மணிக்கட்டில் நிற்கும் கண்

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். களப்பணி முடிந்து, ஆழ்வார்திருநகரி பேருந்து நிறுத்தத்தில் திருநெல்வேலி வண்டிக்காக நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். பள்ளி விட்டு வந்த பையன் ஒருவன் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தான். மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு. அவ்வளவுதான் பார்த்தோம். அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியவில்லை. கயிற்றின் நிறம் மட்டும் மறக்கவில்லை.

வெளி மாவட்டத் தோழர்களுக்கு இது மிகையாகப் படலாம். தென் மாவட்டப் பள்ளிகளில் கயிறு வெறும் கயிறல்ல. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் பார்த்தே யார் எந்தச் சாதி, விளையாட்டில் யாரைச் சேர்ப்பது என்றெல்லாம் முடிவாகிறது. 2019இல் பள்ளிக்கல்வித் துறையே இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மத நம்பிக்கையில் கை வைக்கிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாவற்றையும் தடுக்கச் சொன்னது. மறுபடியும் அதே எதிர்ப்பு.

கோயிலில் கட்டிய கயிறும் உண்டுதான். அந்தப் பையனுடையதும் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோட எங்கள் கண்ணுக்கு யார் பழக்கிவிட்டது? சாதியை எதிர்த்து வேலை செய்கிற எங்களுக்கே இந்தக் கதி என்றால், பதினைந்து வயதுப் பையனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? வாசலில் கத்திரிக்கோலோடு நிற்கும் ஆசிரியர் கயிற்றை வெட்டலாம். விழாவுக்கு விழா அதை வாங்கிக் கட்டிவிடும் பெரியவர்களை யார் கேட்பது? அவர்களிடம் ஓட்டுக் கேட்டுப் போகும் கட்சிகள் கேட்காது.

ஊரும் எப்படிப்பட்ட ஊர்! நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் புளியமரம் கோயிலுக்குள் இன்னும் நிற்கிறது. வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்று சொல்லப்படும் அவரை, பக்கத்துத் திருக்கோளூர் பார்ப்பனரான மதுரகவி குருவாக ஏற்றார். பெருமாள் கோயில்களில் தலையில் வைக்கும் சடாரியும் சடகோபன் என்ற அவர் பெயரால்தான் வழங்குகிறது. தலைக்கு வந்த அந்தச் சமத்துவம், சேரிவரைக்கும் என்றைக்கு நடந்து வந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

இந்த யோசனையெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் காலியாகும் நேரத்தில் ஓடியது. கடைசியில் மனம் போய் நின்ற இடம் ஸ்ரீவைகுண்டம். எட்டிப்பிடிக்கும் தூரம்தான். 2025 மார்ச்சில், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவனை வண்டியிலிருந்து இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாகி விழுந்தன. கபடிப் போட்டியில் ஜெயித்த பகை என்றார்கள். ஜெயித்தது யார் என்பதுதான் பகை.

வண்டி வந்தது. பையன்கள் முண்டியடித்து ஏறினார்கள். மேல்கம்பியைப் பிடித்தபடி வரிசையாகச் சின்னக் கைகள். உட்காருவதற்கு முன்பே நாங்கள் எண்ண ஆரம்பித்திருந்தோம், கயிறு இருக்கும் கை எத்தனை, இல்லாத கை எத்தனை என்று.