சீனியர் சிட்டிசன் அபார்ட்மென்ட்டில் பார்க்கிங் பஞ்சாயத்து: காரை நிறுத்த இடம் இல்லையா, இருக்கிற இடத்தை சரியா பிரிக்கலையா?

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. மூத்த குடிமக்களுக்கான அபார்ட்மென்ட். அப்பா, அம்மாவைப் பார்க்க பிள்ளைகள் வந்திருக்காங்க. விசிட்டர் பார்க்கிங் நிரம்பிடுச்சு. மிச்ச கார்கள் எல்லாம் உள்ளே வர்ற பாதையிலேயே நிக்குது. அந்த நேரத்துல மூணாவது மாடியில ஒருத்தருக்கு நெஞ்சுவலி. 108 ஆம்புலன்ஸ் கேட்டுக்குள்ள வந்துடுச்சு, ஆனா லிஃப்ட் வரைக்கும் வர முடியலை. செக்யூரிட்டி ஒவ்வொரு வீடா இன்டர்காம்ல கூப்பிட்டு, "சார், வெள்ளை கலர் கார் யாருது?" என்று கேட்டுக்கிட்டு இருக்கார்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி நடந்துடக் கூடாதே என்ற பயம் பல குடியிருப்புகளில் இருக்கிறது. அதனால்தான் சாதாரண அபார்ட்மென்ட்டில் தலைவலியாக இருக்கும் பார்க்கிங் பிரச்னை, முதியோர் குடியிருப்பில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

ஏன் இப்போது இது முக்கியம்?

தமிழ்நாட்டுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 சதவீதம். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று போய்விட, கோவையிலும் சென்னையைச் சுற்றியும் ஓய்வுக்கால குடியிருப்புகள் வரிசையாக வந்துவிட்டன.

"வயசானவங்க எங்க கார் ஓட்டப் போறாங்க?" என்று நினைத்து பார்க்கிங்கைக் குறைத்துக் கட்டினால் அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஓட்டுவது குறையலாம். ஆனால், பல வருஷம் கூடவே இருந்த காரை விற்க மனசு வராது. அது போக நர்ஸ், அட்டெண்டர், சமையல் செய்பவர், பிசியோதெரபிஸ்ட், மருந்து டெலிவரி, கால் டாக்ஸி என்று ஒரு நாளில் வந்து போகும் வண்டிகள் மற்ற அபார்ட்மென்ட்களைவிட இங்கே அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில், திறந்தவெளி பார்க்கிங் யாருக்குச் சொந்தம்? 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டமான 'ரெரா'வில், திறந்தவெளி பார்க்கிங் என்பது பொதுப் பகுதி. கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் அது 'கராஜ்'. மகாராஷ்டிர சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியாகப் பிரித்து விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். உங்கள் பத்திரத்திலோ ஒப்பந்தத்திலோ ஒரு ஸ்லாட் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அசோசியேஷன் அதைத் தன்னிச்சையாகப் பிடுங்க முடியாது. ஆகவே, எந்த மாற்றமாக இருந்தாலும் உரிமையாளர் சம்மதம் வேண்டும், பொதுக்குழு தீர்மானம் வேண்டும்.

அடுத்தது அகலம். சாதாரண கார் ஸ்லாட் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். வீல்சேரில் வருபவர் கதவை முழுசாகத் திறந்து இறங்க இது போதாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் 3.6 மீட்டர் அகலம் கேட்கின்றன. அந்த ஸ்லாட் நுழைவாயிலில் இருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வாக்கர் வைத்து நடப்பவருக்கும் இதே அளவுதான் வசதி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

உதாரணத்துக்கு 50 ஸ்லாட் உள்ள ஒரு குடியிருப்பு. பழைய சோஃபா, உடைந்த கட்டில், தாறுமாறாக நிற்கும் டூவீலர் என்று 4 ஸ்லாட் வீணாகிறது. மிச்சம் 46. குடியிருப்பவர்களின் கார் 44. ஞாயிறு அன்று விசிட்டர் கார் 16. மொத்தம் 60 கார், 46 இடம். 14 கார் பாதையில் நிற்கும்.

இப்போது ஒவ்வொன்றாகச் சரி செய்வோம்.

1. இடத்தைக் காலி செய்வது: ஒரு கார் ஸ்லாட்டில் கோடு போட்டால் 5 டூவீலரை வரிசையாக நிறுத்தலாம். இரண்டு ஸ்லாட்டை டூவீலருக்கு ஒதுக்கிவிட்டு, பழைய சாமான்களை அப்புறப்படுத்தினால் 2 ஸ்லாட் திரும்பக் கிடைக்கும். மொத்தம் 48.

2. அகலமான ஸ்லாட்: லிஃப்ட் அருகே உள்ள 3 சாதாரண ஸ்லாட்டை 2 அகல ஸ்லாட்டாக மாற்ற வேண்டும். ஒரு இடம் குறையும், 47. இந்த இழப்பு அவசியமான இழப்பு.

3. நகராத கார்கள்: 44 காரில் 10 கார் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல் கவர் போட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 பேர் காரை விற்கவோ, பிள்ளைகளிடம் கொடுக்கவோ சம்மதித்தால் கார்கள் 40 ஆகும். மிச்ச 6 காரை பேஸ்மென்ட்டின் கடைசியில் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால், இட அமைப்பைப் பொறுத்து 3 கார் இடம் மிச்சமாகும். அதாவது மொத்தம் 50 இடம்.

4. விசிட்டர் நேரம்: 50-ல் 40 போக விசிட்டருக்கு 10 இடம். வரும் 16 காரும் காலை பாதி, மாலை பாதி என்று பிரிந்து வந்தால் ஒரு நேரத்தில் 8 கார்தான். வாட்ஸ்அப் குரூப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். பாதையில் ஒரு கார்கூட நிற்காது.

புது கட்டடம் கட்டவில்லை, மெஷின் வாங்கவில்லை. எண்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் மாறும். ஆனால் வழி இதுதான். முதல் வேலை, இரண்டு வாரம் காலை, மதியம், மாலை என்று செக்யூரிட்டியை வைத்து எந்த வண்டி நகர்கிறது, எது நகரவில்லை என்று எழுதி வைப்பது.

மெஷின் பார்க்கிங் போட்டால் என்ன?

ஒரு கார் மேல் இன்னொரு காரை ஏற்றும் ஸ்டாக் பார்க்கிங் சென்னையில் பல இடங்களில் இருக்கிறது. ஆனால், குறுகலான தட்டில் காரை நேராக ஏற்றுவது 75 வயதில் சுலபமில்லை. கரன்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும், இயக்க ஆள் வேண்டும், வருடாந்திர பராமரிப்புச் செலவு வேறு. அப்படியே போட்டாலும், எப்போதாவது எடுக்கும் கார்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

காரை விட்டுக்கொடுக்கச் சொல்வது சரியா?

உண்மையில் சிக்கலான இடம் இதுதான். பெரியவர்களுக்கு கார் என்பது வெறும் வண்டி இல்லை. "நினைச்சா நானே கிளம்பிப் போவேன்" என்கிற தைரியம். நம் சட்டப்படி 55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். அது கையில் இருக்கும்வரை "நீங்க ஓட்டாதீங்க" என்று சொல்ல அசோசியேஷனுக்கு உரிமை இல்லை.

ஜப்பானில் வயதானவர்கள் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முறை 1998-ல் இருந்து இருக்கிறது. கொடுப்பவர்களுக்கு பல ஊர்களில் பஸ், டாக்ஸி கட்டணத்தில் சலுகை உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2015-ல் வந்த ஒரு சட்டம், குறைந்த வாடகை முதியோர் குடியிருப்புகளுக்கு இரண்டு வீட்டுக்கு ஒரு கார் ஸ்லாட்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: பக்கத்திலேயே பஸ் இருக்க வேண்டும், அல்லது வீட்டுக்கே வரும் வாகன வசதி இருக்க வேண்டும்.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான். முதலில் மாற்று ஏற்பாடு, பிறகுதான் காரைக் கேட்க வேண்டும். குடியிருப்புக்குப் பொதுவாக ஒரு கார், பகலில் ஒரு டிரைவர், கோயில், வங்கி, ஆஸ்பத்திரிக்கு முன்பதிவு. இது இருந்தால் சிலர் தாங்களாகவே காரை விடுவார்கள். ஸ்லாட்டை விட்டுத் தருபவருக்கு பராமரிப்புக் கட்டணத்தில் கழிவு கொடுத்தால், "நம்மகிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க" என்ற வருத்தமும் இருக்காது.

வீடு வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* எனக்கான ஸ்லாட் எண் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?
* விசிட்டருக்கும் ஊழியர்களுக்கும் தனி இடம் இருக்கிறதா?
* வீல்சேர் ஸ்லாட்டில் இருந்து லிஃப்ட் வரை படி இல்லாமல் போக முடியுமா?
* ஆம்புலன்ஸ் உள்ளே வந்து, நின்று, திரும்பிப் போக இடம் இருக்கிறதா?

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்கலாம். லிஃப்ட் வாசலில் மஞ்சள் கோடு போட்டு, அங்கே எந்த வண்டியும் ஐந்து நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்று முடிவெடுக்க ஒரு பெயின்ட் டப்பாவும் ஒரு கூட்டமும் போதும். மற்ற பஞ்சாயத்தை அதற்குப் பிறகு நிதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.