எண்ணிக்கை ஓர் அமானிதம்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மக்தபுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தேன். எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் சரிகை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் வந்து ஓரமாக அமர்ந்தார். பிள்ளைகள் கலைந்து செல்லும்வரை வாய் திறக்கவில்லை. அவருடைய மூத்த மகள் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. இப்போது சென்னையில் முதுநிலைப் பொறியியல் பயில்கிறாள். போக்குவரத்துப் பொறியியல் அவள் எடுத்துக் கொண்ட துறை.

"ஹஜ்ரத், ஒரு யோசனை கேட்க வந்தேன்" என்று தொடங்கினார். "பிள்ளை லீவில் வந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒரு அட்டையும் தாளும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு காந்தி ரோட்டில் போய் நிற்கிறது. போகிற வருகிற வண்டிகளை எண்ணுகிறது. கேட்டால் ஆராய்ச்சி என்கிறது. கடைக்கு வருகிறவர்கள், 'பாய், ரோட்டில் நிற்பது உங்கள் மகளா?' என்று விசாரிக்கிறார்கள். வண்டி எண்ணுவதற்கா ஹஜ்ரத், இத்தனை வருடம் படிக்க வைத்தேன்?"

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். பொறியியல் என்றால் பாலமும் இயந்திரமும்தான் என் நினைவிற்கு வரும். தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைவிட, நேரில் கண்டுவிட்டுச் சொல்வதே முறை என்று பட்டது. "பாய், ஒருநாள் நாம் இருவரும் போய்ப் பார்த்து வருவோம்" என்றேன். விடுமுறை முடிந்து அவள் திரும்பிய அடுத்த வாரம், அவளுடைய ஆசிரியரிடம் அனுமதி பெற்றுச் சென்றோம்.

ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் நுழைந்ததும் தார் வாடை. வகை வகையாகப் பிரித்த கருங்கல் ஜல்லிகள் தட்டுகளில் இருந்தன. சாலை போடுவதற்கு முன் அச்சாலையின் தரத்தைச் சோதிக்கும் இடம் அது. ஜல்லியையும் தாரையும் சூடாக்கிக் கலந்து, நான்கு அங்குல விட்டமுள்ள உருளை அச்சில் இட்டு, நாலரைக் கிலோ சம்மட்டியால் ஒரு பக்கத்திற்கு 75 அடி, திருப்பிப் போட்டு மறு பக்கத்திற்கு 75 அடி அடிக்கிறார்கள். பிறகு அந்த வில்லையை 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்திருந்து, எவ்வளவு பாரத்தில் அது நெகிழ்ந்து உடைகிறது என்று அளக்கிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றிய புரூஸ் மார்ஷல் என்பவர் வகுத்த சோதனை இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கோடை வெயிலில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். அந்தச் சூட்டில், ஏற்றிய லாரியின் கீழ் சாலை குழிந்து போகுமா, தாங்குமா என்பதை அந்தச் சிறு வில்லை முன்கூட்டியே சொல்லி விடுகிறது.

அங்கிருந்த மாணவர்களின் சட்டையெல்லாம் கறை. ஒரு கலவைக்கு மூன்று வில்லைகள், ஒவ்வொரு தார் அளவுக்கும் தனித்தனிக் கலவை என்று கணக்கிட்டால், ஒரு முடிவைக் காண எத்தனை நாள் சம்மட்டிச் சத்தத்தோடு வாழ வேண்டும் என்பது விளங்கும். பாதியில் விட்டுவிட்டு உணவுக்குப் போக முடியாது, கலவை ஆறிவிடும். விடுதியின் உணவறை மூடிய பின் தேநீரும் ரொட்டியுமாக இரவைக் கழிப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

மேல்தளத்தில் வேறொரு காட்சி. பத்துப் பன்னிரண்டு கணிப்பொறிகள். ஒவ்வொன்றின் திரையிலும் ஏதோ ஒரு சாலையின் படம் அசைந்து அசைந்து நின்றது. ஒரு மாணவர் ஒரு மோட்டார் சைக்கிளின் மீது குறியை வைத்துச் சொடுக்கினார். படத்தைச் சற்று நகர்த்தி மறுபடியும் சொடுக்கினார். அது திரையை விட்டு மறைந்ததும், திரும்பவும் முதலிலிருந்து, அடுத்த வண்டி. இன்னொருவர் மேசை மீதே தலை சாய்த்து உறங்கிக் கொண்டிருந்தார். நண்பர் என்னைப் பார்த்தார். 'இங்கேயும் எண்ணிக்கைதானா?' என்பது அந்தப் பார்வையின் பொருள்.

ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். 1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற ஆய்வாளர், சாலையோரத்தில் கேமராவை நிறுத்திப் படமெடுத்து, நெரிசல் கூடக்கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று கண்டார். ஒருசில புள்ளிகளைக் கொண்டே நேர்க்கோட்டில் ஒரு விதி வகுத்தார். அங்கே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கோட்டிற்குள் அடங்கிச் செல்லும். நம் சாலையில் பேருந்தும் ஆட்டோவும் சைக்கிளும் கைவண்டியும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. மோட்டார் சைக்கிளோ கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழைகிறது. அயல்நாட்டு விதியை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்தினால் கணக்குத் தப்பும். ஆகவே நம் சாலையை நாமே எண்ணியாக வேண்டும்.

இந்தப் பணியில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. தமிழரசனும் அவருடைய மாணவர்களும், சாலையின் முழு அகலத்தையும் பிரிவில்லாத ஒரே பரப்பாகக் கொண்டு, வண்டிகளை அப்பரப்பில் நகரும் வெவ்வேறு அளவுள்ள கட்டங்களாகப் பாவித்து, ஹெட்டரோசிம் என்னும் கணிப்பொறி மாதிரியை உருவாக்கினார்கள். 2014ஆம் ஆண்டு சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில், 245 மீட்டர் நீளமுள்ள பகுதியில், அரைமணி நேரப் போக்குவரத்தைப் படமெடுத்து, ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகள் ஒவ்வொன்றும் அரை விநாடிக்கு ஒருமுறை எங்கே இருந்தது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு வண்டி அந்தத் தொலைவைக் கடக்க அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு வண்டிக்கு 60 புள்ளிகள், மூவாயிரம் வண்டிகளுக்கு 1,80,000 புள்ளிகள்! அந்த விவரங்கள் மற்ற ஆய்வாளர்களுக்கும் பொதுவில் அளிக்கப்பட்டன. நம் சைதாப்பேட்டைப் பாலத்தின் அரைமணி நேரம் இன்று பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பாடமாகி இருக்கிறது.

இதைக் கேட்டதும் நண்பரின் முகம் மாறியது. "ஹஜ்ரத், இது பாவு பிணைக்கிற வேலை" என்றார். காஞ்சிபுரத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் பழைய பாவு முடியும்போது, அதன் ஆயிரக்கணக்கான இழைகளின் முனையில், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். பார்ப்பவருக்கு அது ஒரே அசைவின் ஓயாத மறுபதிப்பு. ஆனால் ஓர் இழை தவறினால், சேலையின் நீளம் முழுவதும் அந்தக் குறை ஓடும்.

பின்னர் வேறொரு செய்தியையும் அவரே சொன்னார். முதல்நாள் அதைக் குறையாகச் சொல்ல வந்து, சொல்லாமல் விட்டிருந்தார். காந்தி ரோட்டில் கணக்கெடுத்த அன்று, லுஹர் தொழுதுவிட்டு வருவதற்காக மகள் தம்பியிடம் தாளைக் கொடுத்துச் சென்றிருக்கிறாள். தம்பி யாரோ நண்பனைக் கண்டு பேச்சில் மூழ்கிவிட்டான். கணக்கைக் கால்மணிக்கு ஒரு கட்டமாகக் குறிக்க வேண்டும். ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. "முந்தின கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதையே இதிலும் போட்டுவிடு அக்கா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றிருக்கிறான். அவள் போடவில்லை. 'இந்நேரம் எண்ணப்படவில்லை' என்று அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு, அடுத்த வாரம் அதே கிழமை, அதே உச்சி வெயிலில் மீண்டும் போய் நின்று எண்ணியிருக்கிறாள்.

அன்பர்களே! அந்த வெறும் கட்டம் என் உள்ளத்தைத் தொட்டது. மேற்பார்வையாளர் இல்லை, கேமரா இல்லை. பொய்யான ஓர் எண்ணை எழுதினால் கண்டுபிடிப்பார் எவருமில்லை. தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒன்றை, காண்பார் இல்லாத இடத்திலும் குறையின்றிக் காப்பதற்குத்தானே நாம் அமானிதம் என்று பெயர் வைத்திருக்கிறோம்?

ஓர் எண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். இத்தகைய கணக்குகளை வைத்துத்தான் சிக்னலில் எந்தப் பக்கத்திற்கு எத்தனை விநாடி பச்சை விளக்கு என்று முடிவு செய்கிறார்கள். சாலையைக் கடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர் வழக்கமாகக் கொள்ளும் அளவு. 12 மீட்டர் அகலச் சாலைக்கு அது 10 விநாடி. முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடக்கிறார் என்றால், அவருக்கு 15 விநாடி வேண்டும். அந்த ஐந்து விநாடி அவருக்குக் கிடைக்கவில்லை என்றால், நடுச்சாலையில் நிற்கும்போது பேருந்து புறப்பட்டு விடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

அந்த மாணவி எங்களிடம் தன் தாளைக் காட்டினாள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பாகிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், நகரச் சாலைகளுக்காக 1990இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று ஒரு பட்டியல் உண்டு. மொத்த வண்டிகளில் அந்த வகை எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். பத்து விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மோட்டார் சைக்கிள் 0.75, ஆட்டோ 2, பேருந்தும் லாரியும் 3.7, சைக்கிள் 0.5, கைவண்டி 3. நாம் ஏளனமாகப் பார்க்கும் கைவண்டி மூன்று காருக்குச் சமம் என்றறிந்து நண்பர் வியந்தார்! பின்வந்த ஆய்வுகள் இம்மதிப்புகள் நிலையானவை அல்ல, நெரிசலுக்கும் வேகத்திற்கும் ஏற்ப மாறுபவை என்று காட்டின. 2017இல் வெளிவந்த இந்திய நெடுஞ்சாலைத் திறன் கையேடு அவ்வாய்வுகளின் பயன்.

"நடந்து போகிறவருக்கு எத்தனை மதிப்பம்மா?" என்று கேட்டேன்.

"இந்தப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை ஹஜ்ரத். அவர்களுக்குத் தனி வழிகாட்டி இருக்கிறது. ஆனால் வண்டிகளை மட்டும் எண்ணிவிட்டு வந்தால், அந்தச் சாலையில் ஆளே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் நானே ஒரு பத்தி கோடு போட்டுக்கொண்டேன்" என்றாள்.

தாளின் வலது ஓரத்தில், கையால் இழுத்த கோட்டிற்கு அப்பால், ஐந்தைந்தாகக் கட்டிய குறிகள் நெருங்கிக் கிடந்தன. மற்ற எல்லாப் பத்திகளையும்விட அதுவே நிறைந்திருந்தது. எங்கள் ஊரார்க்கு இது புதிதன்று. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் நடந்த அத்திவரதர் வைபவத்தின்போது, சின்ன காஞ்சிபுரத் தெருக்களில் வண்டிகளை அல்ல, மனிதத் தலைகளையே கண்டோம். நெரிசலில் உயிர்களும் போயின. நடந்து வருகிறவர்களையும் எண்ணித் திட்டமிடுவதன் அருமை அப்போது விளங்கியது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மக்தபில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். முள்ளையும் கல்லையும் காட்டித்தான் இதுவரை நான் விளக்கி வந்தேன். போதாத பச்சை விளக்கும் ஓர் இடையூறுதான். குழிந்த சாலையும் ஓர் இடையூறுதான். அவற்றை அகற்றக் கணிதமும் பொறியியலும் வேண்டும் என்பதை என் பழைய மாணவியிடம் கற்றுக் கொண்டேன்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மருத்துவம், கணிப்பொறி என்ற இரண்டே வாசல்கள்தாம் உண்டு என்று பிள்ளைகளை நெருக்காதீர்கள். பொதுமக்கள் நாள்தோறும் மிதித்துச் செல்லும் சாலையும் ஒரு கல்விதான். கேட் தேர்வில் தேறி முதுநிலையில் சேர்வோர்க்கு அரசின் மாத உதவித்தொகையும் உண்டு. பெண் பிள்ளைகள் வெளியில் நின்று வேலை செய்வதைப் பற்றிய கவலை பெற்றோர்க்கு இயல்பு. அதை நான் குறை கூறவில்லை. அந்தக் கவலைக்குத் துணை போதும், தடை வேண்டியதில்லை.

ஊர் திரும்பும் பேருந்தில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. வாலாஜாபாத் தாண்டியதும், "அடுத்த தடவை அது எண்ண வரும்போது தம்பியை அனுப்ப மாட்டேன் ஹஜ்ரத்" என்றார். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். "அவன் வாயாடி. கடையை அவன் பார்த்துக்கொள்ளட்டும், நான் போய் நிற்கிறேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். சென்ற வாரம் காந்தி சாலை வழியாக வந்தபோது கண்டேன். மகள் சாலையின் ஒரு பக்கம். தந்தை ஒரு முக்காலியில் மறு பக்கம், மடியில் அட்டையுடன். நான் ஸலாம் சொன்னேன். அவர் நிமிராமலே விரலை உயர்த்திக் காத்திருக்கச் சொன்னார். ஒரு குடும்பம் சாலையைக் கடந்து கொண்டிருந்தது. ஐந்து கோடுகள் போட்டு முடித்த பிறகுதான் பதில் ஸலாம் வந்தது.

நம் பிள்ளைகள் கற்கும் கல்வியை மக்களுக்குப் பயன்தரும் கல்வியாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.