அழகு சிகிச்சை: அவசரம் வேண்டாம்

மும்பை போன்ற பெருநகரங்களில் அழகு சிகிச்சை நிலையங்கள் பெருகிவிட்டன. தொடையிலும் பிட்டத்திலும் தோல் குழிகுழியாகத் தெரிவதற்குச் செல்லுலைட் என்று பெயர். அதை அடியோடு போக்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்போர் உண்டு. மாதச் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்பும் குடும்பங்கள் இதில் ஏமாறக் கூடாது.

முதலாவதாக, இது நோயே அல்ல. பருவமடைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு, ஒல்லியானவர்களுக்கும்கூட, உள்ளதுதான். தோலுக்கு அடியில் உள்ள நார்கள் தோலைக் கீழே இழுக்கின்றன. இடையில் கொழுப்பு மேலே பிதுங்குகிறது. ஆகவே களிம்பும் மசாஜும் தரும் பலன் தற்காலிகமே. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை இதற்கு உரியதல்ல. சில சமயம் குழிகள் கூடுதலாகவும் தெரியும். நார்களை அறுத்துவிடும் முறை ஓரளவு நீடித்த பலன் தரலாம். அதைத் தேர்ந்த டாக்டரே செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற ஊசிமருந்து ஒன்றை, தோல் கன்றிப்போதல், நிறமாற்றம் ஆகியவை காரணமாக, தயாரித்த கம்பெனியே 2022இல் கைவிட முடிவு செய்தது.

சிகிச்சையை விரும்புவோர் தோல் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: பலன் எத்தனை மாதம் நிற்கும்? பக்கவிளைவு என்ன? மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் பதில் தராத இடத்தில் பணம் கட்டக் கூடாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஏமாந்தவர்கள் 1915 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் இத்தகைய விஷயத்தைப் பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். எனவே புகார் வரட்டும் என்று காத்திராமல் அதிகாரிகளே நடவடிக்கை எடுக்க முன்வர வேண்டும்.