டிரைவரோடு ஐந்து

உத்திரமேரூரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கரையை ஒட்டி ஓர் அங்கன்வாடி. தரையில் சாக்பீஸால் ஒரு சாலை போட்டிருந்தார்கள். ஒரு முனையில் காஞ்சிபுரம், மறுமுனையில் உத்திரமேரூர். நடுவே நான்கு நிறுத்தங்கள்: புளியமரம், டீக்கடை, பள்ளிக்கூடம், கோயில். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிதான் பஸ். புளியங்கொட்டைகள்தான் பயணிகள். டீச்சர் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போனார். புளியமரத்தில் மூன்று பேர் ஏறினார்கள். டீக்கடையில் இரண்டு பேர் ஏற, ஒருவர் இறங்கினார். பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்: “பஸ்ஸுல இப்ப எத்தினி பேரு?”

பாட்டு நேரத்தில் வாயே திறக்காத நான்கு வயதுப் பையன் ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவர் ஏறும்போதும் ஒரு கூழாங்கல்லை இடது கைக்குள் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். ஒருவர் இறங்கியதும் ஒரு கல்லைக் கீழே போட்டுவிட்டான். “நாலு” என்றான். கொஞ்சம் யோசித்து, “டிரைவரோட அஞ்சு. கண்டக்டரோட ஆறு” என்றான்.

டீச்சர் ஒரு பயிற்சியில் கேட்டதை ஊர் பஸ்ஸாக மாற்றிக்கொண்டவர். இந்த விளையாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கார்ட்னரும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஃபெல்ட்மனும் 1984இல் தொடங்கிய ‘ஸ்பெக்ட்ரம்’ திட்டத்தில் முன்பள்ளிக் குழந்தைகளுக்காக அமைத்த விளையாட்டுகளில் பஸ் விளையாட்டும் ஒன்று. அதே திட்டத்தில் உணவு அரைக்கும் கைக்கருவியைக் குழந்தையிடம் கொடுத்துப் பிரித்து மாட்டச் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த வேலைக்கு முறுக்கு அச்சு போதும். திருகாணியைச் சுழற்றி, வில்லையை எடுத்து, திரும்பவும் அதே வரிசையில் போடுகிற பிள்ளையை நம்மில் யாராவது எந்தப் பதிவேட்டிலாவது எழுதியிருக்கிறோமா?

கார்ட்னரின் பன்முக நுண்ணறிவுக் கோட்பாடு 1983இல் நூலாக வந்தது. நுண்ணறிவு என்பது ஒற்றை எண்ணில் அடங்குகிற சரக்கு அல்ல என்பது அதன் சாரம். மொழி, தருக்கமும் கணக்கும், இசை, உடல் இயக்கம், இடமும் வடிவமும், பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று அன்று ஏழு சொன்னார். இயற்கையைப் பகுத்தறியும் திறன் 1990களில் எட்டாவதாகச் சேர்ந்தது. பி.எட். படித்தவர்களுக்கு இது மனப்பாடம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அதற்குப் பிறகு அது வகுப்பறைச் சுவரில் எட்டு பலூன் வரைந்த சார்ட்டாக மாறிவிடுகிறது.

சார்ட்டால் தொல்லை இல்லை. பலூனுக்குள் குழந்தைகளின் பெயரை எழுதத் தொடங்கும்போதுதான் தொல்லை. இவள் ‘இசைக் குழந்தை’, அவன் ‘உடல் இயக்கக் குழந்தை’ என்று மூன்றரை வயதில் முத்திரை குத்தி, இவளுக்குப் பாட்டாலேயே எல்லாம், அவனுக்கு ஓட்டத்தாலேயே எல்லாம் என்று பிரித்துவிடுகிறோம். உத்திரமேரூர்க்காரர்களுக்குக் குடவோலைத் தேர்தலை நினைவூட்ட வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடத்திலிருந்து ஓலை எடுக்க ஒரு சிறுவனை அழைக்கச் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாதவன் என்பதால் அவன் கைக்கு அந்தப் பொறுப்பு. இன்று எட்டுக் குடம் வைத்து, ஓலைக்குப் பதில் அந்தச் சிறுவனையே உள்ளே போடுகிறோம்.

இப்படி முத்திரை குத்துவது கார்ட்னர் சொன்னதும் அல்ல. தன் கோட்பாட்டைக் ‘கற்றல் பாணி’யோடு குழப்ப வேண்டாம் என்று அவரே 2013இல் வெளிப்படையாக எழுதினார். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக அறியுங்கள், முக்கியமான ஒன்றைப் பல வழிகளில் சொல்லிக்கொடுங்கள் என்பதே அவருடைய அறிவுரை. பல வழிகள் என்றால் எல்லாக் குழந்தைக்கும் பல வழிகள். ஆளுக்கொரு வழி அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். உளவியல் ஆய்வாளர்களில் பலர் இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. வெவ்வேறு திறன்களைச் சோதித்தால் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புடனே வருகின்றன, எட்டும் தனித்தனி என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். எட்டுதானா, ஐந்தா என்பதை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கோட்பாடு நமக்குத் தருவது ஒரு பார்வை: பாடாத குழந்தையை மந்தம் என்று எழுதுவதற்கு முன் வேறு நாலு இடத்தில் வைத்துப் பார்.

ஆனால் இதே கோட்பாட்டின் பெயரைச் சொல்லி வியாபாரம் நடக்கிறது. குழந்தையின் பத்து விரல் ரேகையையும் எடுத்து, எந்த நுண்ணறிவு எத்தனை சதவீதம் என்று வண்ண அறிக்கை கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம். விரல் ரேகைக்கும் நுண்ணறிவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் கிடையாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம் அதற்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெற்றோர் வந்து கேட்டால், வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள்.

சரி, அங்கன்வாடியில் என்ன செய்யலாம்? நெல்லை எடுத்துக்கொள்வோம். கை நிறைய அள்ளி, சின்னப் படி, பெரிய படி என்று அளக்கலாம். முறத்தில் போட்டு அசைத்தால் பதர் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் பார்க்கலாம். ஈரத்துணியில் முடிந்து வைத்து முளை விடுவதை நாள்தோறும் திறந்து பார்க்கலாம். நாற்று நடுகிற மாதிரி வரிசையாகப் பின்னால் நகர்ந்து ஆடலாம். நடவுக்குப் போகிற பாட்டியை ஒருநாள் அழைத்துப் பேசச் சொல்லலாம். அவரைவிட நல்ல வளநபர் கிடைக்க மாட்டார். ஐந்து வழி ஆயிற்று. எட்டையும் நிரப்ப வேண்டும் என்று வலிந்து இன்னும் மூன்று சேர்க்க வேண்டாம். நம் மாநில அங்கன்வாடிகளின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் ஆட்டம், பாட்டு, கதை, கைவேலை எல்லாம் முன்பே இருக்கின்றன. செய்யும் நேரத்தில் யார் எதில் ஊன்றி நிற்கிறார்கள் என்று பார்க்கிற கண்தான் பல இடங்களில் குறைகிறது.

அந்தக் கண்ணுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கர்ப்பிணிகளின் பதிவு, சத்துமாவு விநியோகம், இவற்றோடு போஷன் டிராக்கர் செயலி. டவர் கிடைக்காத ஊரில் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடக்கிற பணியாளரிடம் இருபத்தைந்து குழந்தைகளுக்கு எட்டுக் கட்டம் போட்ட படிவத்தை நீட்டுவது கொடுமை. அப்படி ஒரு படிவம் வருமானால் இந்த இதழ் அதை எதிர்க்கும். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை, இரண்டு வரி. “கல்லை வைத்து எண்ணினான். டிரைவரையும் சேர்த்தான்.” இவ்வளவு போதும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

“எழுத வெக்கிறீங்களா, இல்ல விளையாட மட்டும் விடுறீங்களா?” என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். வேனில் ஏறிப்போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதற்கும் இந்தக் கேள்வியே ஒரு காரணம். அந்த அம்மாவிடம் ஹார்வர்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பஸ் விளையாட்டு நடக்கும் நாளில் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நம் பக்கமும் ஒன்றை ஒப்புக்கொள்வோம்: ‘அவனுக்கு மொழி நுண்ணறிவு இல்லை’ என்று சொல்லி, பேசாத பிள்ளையோடு பேசுவதை விட்டுவிடக் கூடாது. அந்தப் பையனுக்குக் கணக்கு வருகிறது என்பது அவனோடு பேச்சைத் தொடங்க ஒரு வழி. டிரைவர் பேர் என்ன, கண்டக்டர் எங்கே உட்காருவார் என்று கேட்டதும் அன்று அவன் பேசினான்.

அடுத்த மாதம் உங்கள் மையத்தில் ஒரே ஒரு குழந்தையைக் கவனித்து, பார்த்ததை அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம், ஊரின் பெயர் வேண்டாம். எட்டில் இது எந்த நுண்ணறிவு என்பதும் வேண்டாம்.