ஆப் எழுத ஆள் தேடும் முன்

சென்னையிலோ கோவையிலோ புத்தொழில் முனைவோர் கூடும் இடங்களில் தவறாமல் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "நல்ல டெவலப்பர் யாராவது தெரியுமா?" கேட்பவர் பெரும்பாலும் தன் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஜவுளி மொத்த வியாபாரம், லாரி புக்கிங், டியூஷன் சென்டர் என்று ஏதோ ஒன்றில் ஊறியவர். கோடிங் மட்டும் தெரியாது. சேமிப்பை ஆப் கம்பெனி ஒன்றிடம் கொடுத்து, ஆண்ட்ராய்டு, ஐபோன், வாலட், கூப்பன், சாட் என்று நீளமான பட்டியலையும் கொடுக்கிறார். சில மாதங்களில் ஆப் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் வருவதில்லை.

எதை எழுதச் சொல்வது என்று தெளிவாகும் முன்பே எழுத ஆள் தேடுவதுதான் இங்கே கோளாறு.

ரெட்பஸ் கதை இதற்கு நல்ல சான்று. 2005 தீபாவளிக்கு ஊருக்குப் போக பெங்களூரில் பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்தவர் பனீந்திர சாமா. பிலானி பிட்ஸில் உடன் படித்த இரு நண்பர்களோடு சேர்ந்து வேலைக்கு இறங்கினார். மூவரும் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள்; இணையதளம் எழுதுவதைப் புத்தகங்களைப் பார்த்துத்தான் கற்றார்கள். பஸ் உரிமையாளர்கள் தங்கள் இருக்கைகளை நிர்வகிக்க ஒரு மென்பொருளை முதலில் எழுதினார்கள். உரிமையாளர்கள் அதைச் சீந்தவில்லை. "மென்பொருள் இருக்கட்டும், எங்களுக்கு டிக்கெட் விற்றால் போதும்" என்பதே அவர்களின் நிலைப்பாடாக இருந்தது. அதனால் ஒரு சில இருக்கைகளை மட்டும் வாங்கி விற்றுக் காட்டும் வேலையோடு 2006-ல் ரெட்பஸ் பிறந்தது. 2013-ல் ஐபிபோ குழுமம் அதை வாங்கியது. முதல் மென்பொருள் வீணானபோது அவர்கள் இழந்தது சொந்த உழைப்பை மட்டுமே. அதையே வெளியாளிடம் லட்சக்கணக்கில் கொடுத்து எழுதி வாங்கியிருந்தால், இரண்டாவது முயற்சிக்குக் கையில் காசு மிஞ்சியிருக்குமா?

வாட்ஸ்அப் குழு, கூகுள் ஃபார்ம், எக்செல் தாள். முதல் 20 வாடிக்கையாளர்களைக் கவனிக்க இவை போதும். லாரி புக்கிங் ஆப் செய்ய நினைப்பவர் ஒரு மாதம் போனிலேயே லாரி பிடித்துக் கொடுத்துப் பார்க்கட்டும். எந்தத் தகவலை ஒவ்வொரு தடவையும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது, எந்த இடத்தில் பேரம் முறிகிறது, பணம் எங்கே சிக்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். டெவலப்பரிடம் கொடுக்க வேண்டிய பட்டியல் அதுதான். பெரும்பாலும் அது ஒரு பக்கத்தைத் தாண்டாது.

அடுத்து, ஆள். பெயர் வாங்கிய நிறுவனங்கள் பலவற்றில் முதல் டெவலப்பர் விளம்பரம் பார்த்து வந்தவர் இல்லை. ஏர்பிஎன்பி-யின் தொழில்நுட்பத்தைக் கட்டிய நேதன் பிளெசார்சிக், நிறுவனர்களில் ஒருவரான ஜோ கெபியாவின் பழைய அறைத்தோழர். சென்னையில் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஜோஹோவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 2011-ல் வெளிவந்த அந்த மென்பொருளை முதலில் காசு கொடுத்து வாங்கியது ஆஸ்திரேலியாவின் அட்வெல் கல்லூரி. 2021-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நிறுவனம் நாஸ்டாக்கில் இடம்பிடித்தது.

அப்படிப்பட்ட நண்பர் எல்லோருக்கும் வாய்க்காது என்பது நியாயமான பேச்சு. அதற்காகப் பெரிய கல்லூரிப் பட்டத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுப்பதை ஜோஹோ பல ஆண்டுகளாகவே செய்துவருகிறது. ஆளை எடைபோட ஒரு வழி, கூலி கொடுத்து இரண்டு வாரச் சிறு வேலை ஒன்றைத் தருவது. கூடவே வாடிக்கையாளர் ஒருவர் எதிரிலும் உட்கார வைக்கலாம். "இந்த வசதி எதற்கு? இது இல்லாமலே முடியுமே" என்று கேட்பவரை விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் "பண்ணிடலாம் சார்" என்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஒப்பந்த எழுத்து வேலையில். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பே. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை நிறுவனத்துக்கு. வெளியிலிருந்து செய்துதரும் ஃப்ரீலான்சர் எழுதினால், கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை, உரிமை பொதுவாக அவருடையது. பணம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது என்பதால் மட்டும் இது மாறாது. எழுதி வாங்கும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிளே ஸ்டோர் கணக்கு, டொமைன், சர்வர் ஆகியவையும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஓடிபி டெவலப்பரின் போனுக்குப் போகிற நிலையில், அவர் வேறு வேலைக்குப் போனால் முதலாளி தன் ஆப்பையே திறக்க முடியாது.

ஸ்டார்ட்அப் டிஎன் போன்ற அரசு அமைப்புகளும் கல்லூரித் தொழில் வளர்ப்பு மையங்களும் புதியவர்களுக்கு நிதியும் வழிகாட்டுதலும் தருகின்றன. அதோடு, உரிமை மாற்றத்துக்கான இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தத்தையும் எளிய தமிழில் கையில் கொடுக்க வேண்டும். நிதி கேட்டு வருபவரிடம் ஆப் தயாரா என்று கேட்கும் முன், ஆப் இல்லாமல் எத்தனை பேருக்கு விற்றீர்கள் என்று கேட்பதையும் வழக்கமாக்கலாம்.